அப்பாவுக்கு க்வெர்செட்டின் மாத்திரை வாங்கலாமா? – பதில்

பாம்பன் தம்பிக்கு: அப்பாவுக்கு ஐ.பி.எஃப். (காரணம் தெரியாமல் நுரையீரல் தழும்பாகும் நோய்), அதன் வேகத்தைக் குறைக்கும் பிர்ஃபெனிடோன் எடுக்கிறார், முதிர்ந்த செல்களை அழிக்குமென்று ஆன்லைனில் விற்கும் க்வெர்செட்டினையும் (தாவரங்களில் உள்ள ஒரு பொருள்) சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

அடிப்படை உண்மைதான். நுரையீரலின் காற்றுப்பைச் சுவரைப் புதுப்பிக்க வேண்டிய இரண்டாம் வகை செல்கள் முதிர்ந்து, பிரிவதை நிறுத்திவிடுகின்றன, சாவதும் இல்லை. அவை கசியவிடும் புரதங்கள் பக்கத்திலுள்ள, நார்த் திசுவை உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைத் தூண்ட, கொலாஜன் என்ற நார்ப் புரதம் குவிந்து தழும்பாகிறது. ஆனால் 2019-ல் வெளியான முதல் மனித ஆய்வில் 14 பேர்தான். ஒப்பீட்டுக் குழுவே இல்லை. கொடுத்ததும் தனி க்வெர்செட்டின் அல்ல. அது 1250 மி.கி.யோடு டாசாடினிப் 100 மி.கி., வாரம் 3 நாள், 3 வாரம். நடக்கும் திறன் கூடியது, நுரையீரல் செயல்பாடு மாறவில்லை. டாசாடினிப் ரத்தப் புற்றுநோய் மருந்து. நுரையீரலைச் சுற்றி நீர் கோக்க வைக்கும். விளையாட்டல்ல.

கையிலுள்ள மருந்தை ஒழுங்காக எடுப்பதே இப்போது லாபம். பிர்ஃபெனிடோன் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகுதான், இல்லாவிட்டால் குமட்டும். வெயில் பட்டால் தோல் எரியும்; கருவாடு காயவைக்கும் வேலையை வேறு யாராவது பார்க்கட்டும், வெளியே போனால் முழுக்கைச் சட்டை, எஸ்.பி.எஃப். 50 வெயில் தடுப்பு கிரீம். பீடி பிடித்தால் ரத்தத்தில் பிர்ஃபெனிடோன் அளவு குறைந்துவிடும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் அதைக் கூட்டிவிடும், காய்ச்சலுக்கு மாத்திரை கேட்கும்போது மருந்துக்கடையில் இதைச் சொல்லுங்கள். கல்லீரல் பரிசோதனை முதல் 6 மாதம் மாதாமாதம், பிறகு 3 மாதத்துக்கு ஒருமுறை.