கணினிவழி ஊக்கவியல் ஆய்வுக் குழுவில் யார் யார் இருப்பார்கள்? – கேள்வி பதில்

சொந்த ஊர் களுவாஞ்சிகுடி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றின் கணினிவழி ஊக்கவியல் குழுவில் கலாநிதிப் பட்ட ஆய்வை முடித்து, அத்துறையிலேயே பணிபுரிகிறேன். இரசாயனத் தாக்கங்களை விரைவாக்கும் ஊக்கிகளைக் கணினிக் கணிப்பால் ஆராய்வதே இத்துறை. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். குழுவையும் அதன் ஆட்களையும் பற்றிய கேள்விகளுக்கு விரிவாகவும் ஏனையவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் இருக்கும்.

கேள்வி (வந்தாறுமூலை, இரசாயனவியல் மாணவி): அக்கா, இத்தகைய குழுவில் எப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள்? எல்லோரும் நாள் முழுவதும் கணினிக்கு முன்னால்தான் இருப்பார்களா?

பதில்: தங்கச்சி, தலைமையில் ஒரு பேராசிரியர் இருப்பார். எந்தத் தாக்கத்தை ஆராய்வது என்று தீர்மானிப்பதும், நிதிக்கு விண்ணப்பிப்பதும், கட்டுரைகளைத் திருத்துவதும் அவர் வேலை. கணிப்பை அவரே ஓட்டுவது அரிது. உங்களுக்கு உண்மையில் வேலை பழக்குபவர், கலாநிதிப் பட்டம் பெற்ற பின் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு வந்திருக்கும் ஆய்வாளர். பட்ட ஆய்வு மாணவர்கள் செம்பு, பிளாற்றினம் போன்ற உலோகத்தின் மேற்பரப்பை நான்கைந்து அணுப்படைகளாகக் கணினியில் அமைத்து, அதன்மேல் ஒரு மூலக்கூற்றை வைத்து, அது எங்கே, எவ்வளவு சக்தியுடன் ஒட்டுகிறது என்றும், அதன் பிணைப்பை உடைக்க எவ்வளவு ஏவற்சக்தி வேண்டும் என்றும் இலத்திரன் அடர்த்தியிலிருந்து சக்தியைக் கணிக்கும் அடர்த்திச் சார்புக் கோட்பாட்டைக் கொண்டு, அதாவது டி.எப்.டி. மூலம், கணிக்கிறார்கள். பைதன் மொழியில் கைதேர்ந்த ஒருவர் எல்லோருக்கும் நிரல் எழுதிக் கொடுப்பார். பொதுக் கணினித் தொகுதியின் வரிசையில் யாருடைய வேலை முதலில் ஓடுவது என்ற சண்டையைத் தீர்த்து வைப்பவர் இன்னொருவர். அவரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் நாளின் பெரும்பகுதி கணிப்பதில் அல்ல, வந்த எண்ணைச் சந்தேகிப்பதில்தான் போகிறது. ஏவற்சக்தியில் 0.1 இலத்திரன்வோல்ற்று பிழை இருந்தால், அறை வெப்பநிலையில் தாக்க வீதம் ஏறத்தாழ 50 மடங்கு மாறிவிடும். டி.எப்.டி.யில் அந்த அளவு பிழை சாதாரணம். ஆகவே வாராந்தக் கூட்டத்தில் உங்கள் எண்ணைப் பார்த்து, “ஒருங்கற் சோதனை செய்தாயா?” என்று கேட்பவர்தான் குழுவின் மிகப் பெறுமதியான ஆள். கணிப்பின் நுணுக்கத்தைத் தீர்மானிக்கும் வெட்டுச் சக்தி, வலைப்புள்ளிகள் ஆகிய அமைப்புகளைப் படிப்படியாகக் கூட்டி, விடை அதற்குமேல் மாறாத இடத்தைக் கண்டறிவதே அச்சோதனை. அப்படிக் கேட்க ஒருவரும் இல்லாத குழுவில், அதன் பெயர் எவ்வளவு பெரிதானாலும், சேர வேண்டாம்.

கேள்வி (காத்தான்குடி): எந்த மடிக்கணினி வாங்க வேண்டும்?

பதில்: லினக்ஸ் ஓடும் எதுவும் போதும், தம்பி. பெரிய கணிப்புகள் மடிக்கணினியில் ஓடுவதில்லை.

கேள்வி (ஏறாவூர்): வீட்டுக் கணினியில் ஏதாவது பழக முடியுமா? மின்வெட்டு வந்தால் என்ன செய்வது?

பதில்: முடியும். குவாண்டம் எஸ்பிரஸ்ஸோ, டி.எப்.டி. கணிப்புக்கான இலவச மென்பொருள். ஐதரசன் மூலக்கூறு, செம்புப் பளிங்கின் ஓர் அலகுக் கலம் ஆகியவற்றில் தொடங்குங்கள். வழக்கமான டி.எப்.டி.யில் இலத்திரன்களின் எண்ணிக்கை இரு மடங்கானால் கணிப்பு நேரம் ஏறத்தாழ எட்டு மடங்காகும் என்பதால், 36 அணுக்கள் கொண்ட மேற்பரப்பை அதில் ஏற்றி அவதிப்பட வேண்டாம். நின்ற கணிப்பை விட்ட இடத்திலிருந்து தொடரவும் அதில் வழி உண்டு. ஒருங்கற் சோதனையை மறக்காதீர்கள்.

கேள்வி (கல்முனை, ஓய்வுபெற்ற ஆசிரியர்): பிள்ளை, குடுவையைத் தொடாமல், நிறமாற்றத்தைக் கண்ணால் காணாமல், திரையில் எண்ணை மட்டும் பார்ப்பவரை இரசாயனவியலாளர் என்று எப்படிச் சொல்வது?

பதில்: சேர், 1998 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வோல்டர் கோன் ஒரு பௌதிகவியலாளர், ஜோன் போப்பிள் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அவர்கள் வகுத்த வழிமுறைகளின்மேல்தான் இத்துறை நிற்கிறது. 1964, 1965 ஆம் ஆண்டுகளில் கோனும் அவருடன் பணியாற்றியோரும் எழுதிய கட்டுரைகள் இல்லாமல் டி.எப்.டி. இல்லை.

கேள்வி (அதே ஆசிரியர்): பரிசு கிடைத்தால் எண் சரியாகிவிடுமா? பிழையைக் கண்டுபிடிப்பது பரிசோதனைதானே?

பதில்: அந்தக் கேள்வி நியாயமானது, அதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சான்றை நானே தருகிறேன். பிளாற்றினத்தின் மிக நெருக்கமாக அடுக்கப்பட்ட முகத்தில், காபனோரொட்சைட்டு ஒரே ஓர் அணுவின் உச்சியில் நிமிர்ந்து ஒட்டுகிறது என்று பரிசோதனை காட்டியிருந்தது. டி.எப்.டி.யோ மூன்று அணுக்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தையே காட்டியது. 2001 இல் வெவ்வேறு குழுக்களைச் சேர்ந்தவர்கள் சேர்ந்து, இது எவரோ ஒருவருடைய கவனக்குறைவு அன்று, அன்று வழக்கிலிருந்த சார்பியங்களின், அதாவது டி.எப்.டி. சக்தியைக் கணிக்கப் பயன்படுத்தும் தோராயச் சூத்திரங்களின், குறைபாடு என்று எழுதி வெளியிட்டார்கள். ஒருங்கற் சோதனை எத்தனை செய்தாலும் இந்தப் பிழை போகாது. பரிசோதனையாளர் இல்லாவிட்டால் நாங்கள் பள்ளத்திலேயே இருந்திருப்போம்.

கேள்வி (ஒலுவில், பல்கலைக்கழக மாணவர்): சேர் சொல்வதை முழுவதும் ஏற்க முடியாது, அக்கா. பிணைப்பு உடையும் கணத்தைப் பரிசோதனையில் பார்க்க முடியாதே?

பதில்: தம்பி, பழைய பிணைப்பு அறுந்தும் அறாமலும் இருக்கும் அந்த நிலை மிகக் குறுகியது, அதன் வடிவத்தையும் சக்தியையும் பெரும்பாலும் கணிப்பிலிருந்தே அறிகிறோம். ஆனால் அதை வைத்துச் சேரை மடக்கப் பார்க்க வேண்டாம். இரும்பின்மேல் அமோனியா உருவாகும்போது நைதரசனின் பிணைப்பு உடைவதே மெதுவான படி என்பதை மேற்பரப்புப் பரிசோதனைகளால் நிறுவியவர் கெர்ஹார்ட் எர்ட்டில். 2007 இல் நோபல் பரிசு பெற்றார். 2005 இல் டென்மார்க்கின் நோர்ஸ்கோவ் குழுவினர், ருதேனியம் ஊக்கியில் அமோனியா உருவாகும் வீதத்தையே கணித்தார்கள். அந்தக் கட்டுரையை எழுதியோரில் ஊக்கி தயாரிக்கும் நிறுவனத்தின் ஆய்வாளர்களும் இருந்தார்கள். ஏவற்சக்தி கணிப்பிலிருந்து வந்தது. நைதரசனை உடைக்கும் இடங்கள் ஊக்கித் துணிக்கையின் மேற்பரப்பில் படிக்கட்டுப் போன்ற விளிம்புகளில்தான் உள்ளன. அவை எத்தனை என்பதை மதிப்பிட, துணிக்கைகளின் பருமன் இலத்திரன் நுணுக்குக்காட்டியிலிருந்து வந்தது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த வீதம் இல்லை. வாராந்தக் கூட்டத்துக்குப் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒருவர் வந்து, “இது எந்த வெப்பநிலையில், எந்த அமுக்கத்தில்?” என்று கேட்கும் குழுவே நல்ல குழு என்று நான் சொல்வது இதனால்தான்.

கேள்வி (அதே ஆசிரியர்): அப்படியானால் நீங்கள் பாதி இரசாயனவியலாளர் என்று ஒப்புக்கொள்கிறேன்.

பதில்: மீதிப் பாதியைப் பெற முயல்கிறேன், சேர்.

கேள்வி (சம்மாந்துறை): செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. இனி இக்குழுக்களுக்கு ஆள் தேவைப்படுமா?

பதில்: 2020 இல் பேஸ்புக்கும் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் வெளியிட்ட ஊக்கித் தரவுத் தொகுதியில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மேற்பரப்புக் கணிப்புகள் உள்ளன, அவற்றில் பயின்ற மாதிரிகள் நாட்கணக்கான வேலையை நொடிகளில் முடிக்கின்றன. ஆனால் அத்தரவு முழுவதும் டி.எப்.டி.யிலிருந்து வந்தது. மேலே சொன்ன பிளாற்றினப் பிழை போன்றவற்றையும் மாதிரி சேர்த்தே கற்கும். எண்ணைச் சந்தேகிக்கும் ஆளுக்கு வேலை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

கேள்வி (அக்கரைப்பற்று): உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படித்தேன். வர முடியுமா?

பதில்: முடியும், தங்கச்சி. நேரியல் அட்சரகணிதத்தையும் வகையீட்டுச் சமன்பாடுகளையும் தனியே படிக்க வேண்டும்.

கேள்வி (வாழைச்சேனை): வாஸ்ப் மென்பொருளின் பிரதி ஒன்று நண்பரிடம் உள்ளது. பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. அதுவும் டி.எப்.டி. மென்பொருள்தான், ஆனால் வியன்னாவிலிருந்து உரிமம் பெற்றுப் பயன்படுத்தப்படுவது. உரிமமின்றிப் பெற்ற முடிவை எந்தக் கட்டுரையிலும் காட்ட முடியாது; விண்ணப்பத்தில் எழுதினால் அதுவே உங்களுக்கு எதிரான சான்றாகிவிடும். இலவசமானது எது என்று மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி (செங்கலடி): எந்த மடிக்கணினி நல்லது?

பதில்: காத்தான்குடித் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (பொத்துவில்): விசாவுக்கு எவ்வளவு நாள் ஆகும்?

பதில்: உரிய தூதரகத்தைக் கேளுங்கள்.

கேள்வி (காரைதீவு): பேராசிரியருக்கு எப்படி எழுதுவது? ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பிவிட்டேன். ஒருவரும் பதில் தரவில்லை.

பதில்: ஐம்பது பேருக்கும் பொருந்தும் கடிதம் எவருக்கும் எழுதப்பட்டதன்று. ஐந்து பேரைத் தெரிவுசெய்து, ஒவ்வொருவருடைய அண்மைக் கட்டுரைகள் இரண்டைப் படித்து, அவற்றிலுள்ள ஒரு கணிப்பைப் பற்றி உங்களுக்கு எழுந்த ஐயத்தை நான்கு வரிகளில் எழுதுங்கள். பெறுபேறுகளை இணைப்பாக வையுங்கள். பதில் வந்தால் உடனே சம்மதிக்க வேண்டாம். அக்குழுவில் இப்போதுள்ள மாணவர் ஒருவருடனும், பட்டம் பெற்று வெளியேறிய ஒருவருடனும் பேச அனுமதி கேளுங்கள். கட்டுரையில் யார் பெயர் முதலில் வருகிறது, பட்டம் முடிக்கச் சராசரியாக எத்தனை ஆண்டுகள் ஆகின்றன, இடையில் விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்பவற்றை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். அந்த அனுமதியைத் தரத் தயங்கும் பேராசிரியரை விட்டுவிட்டு, பட்டியலில் அடுத்தவருக்கு எழுதுங்கள்.