நெருப்பில் நிறம் ஏற்றிய செம்பு: வாங்குவதற்கு முன்னும் பின்னும்

இந்த முறை வந்த கடிதங்களில் மூன்று ஒரே பொருளைப் பற்றியவை. டார்ச் சுடரில் காட்டி நீலமும் ஊதாவுமாக நிறம் ஏற்றிய செம்புத் தகடு இப்போது ஹோட்டல் ரிசப்ஷனிலிருந்து வீட்டு ஹால் வரை வந்துவிட்டது. அதனால் மூன்றையும் சேர்த்தே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: புது வீட்டு ஹாலில் இரண்டடிக்கு மூன்றடி அளவில் செம்புத் தகடு மாட்ட ஆசை. கேஸ் டார்ச்சில் சுட்டால் ஆரஞ்சு, ஊதா, நீலம் என்று நிறம் வருவதை மகன் வீடியோவில் காட்டினான். வீட்டிலேயே செய்ய முடியுமா? என்னென்ன வாங்க வேண்டும்? நிறம் போகாமல் இருக்க எந்த வார்னிஷ் நல்லது? – வாசகி, திருநகர்

செய்யலாம். டார்ச்சுக்கு ஆகும் செலவு சொற்பம். காசு போவது தகட்டில், மனசு நோவது மேல்பூச்சில்.

தகட்டிலிருந்து தொடங்குவோம். பாத்திரக்கடையில் போய்த் தகடு கேட்டால் குடத்தைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். கோயில் கொடிமரத்துக்கும் வாகனங்களுக்கும் செம்புத் தகடு அடிக்கிற பட்டறைக்காரர் யாரையாவது பிடித்து, அவர் எங்கே தகடு எடுக்கிறார் என்று கேளுங்கள். 24 கேஜ் வாங்குங்கள், அது சுமார் 0.56 மி.மீ. கனம். அதைவிட மெல்லிசாக இருந்தால் சூடு பட்டதும் நெளிந்துவிடும், சுவரில் மாட்டிய பிறகு விளக்கு வெளிச்சத்தில் அலை அலையாகத் தெரியும்.

சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அன்றைய கிலோ விலையைக் கேட்டு, தராசில் வைக்கச் சொல்லுங்கள். செம்பின் அடர்த்தி கன செ.மீ.க்கு 8.96 கிராம். அந்தக் கணக்குப்படி 24 கேஜ் தகடு சதுர அடிக்கு ஏறக்குறைய 465 கிராம் வரும். உங்கள் ஆறு சதுர அடிக்கு 2.8 கிலோ. தராசு 2.3 கிலோ காட்டினால் உங்கள் கையில் இருப்பது அதைவிட மெல்லிசான 26 கேஜ். கேஜ் பார்க்கும் கருவி இல்லாமலே இதைக் கண்டுபிடித்துவிடலாம். சட்டைப்பையில் சின்னக் காந்தம் ஒன்றையும் போட்டுக்கொண்டு போங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே செம்பு முலாம். அதைச் சுட்டுப் பிரயோஜனமில்லை.

பெரிய தகட்டோடு சேர்த்து அதே தகட்டில் வெட்டிய நாலைந்து துண்டுகளையும் கேட்டு வாங்குங்கள், உள்ளங்கை அளவு போதும். பழகுவதற்கும் மேல்பூச்சைச் சோதிப்பதற்கும் அவை வேண்டும்.

டார்ச் விஷயத்தில் ஆடம்பரம் தேவையில்லை. செம்பு உருக 1085 டிகிரி வேண்டும், ஆனால் நிறம் 300 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே வந்துவிடும். கேன் மேல் மாட்டுகிற பியூட்டேன் டார்ச் போதும். சுடரை ஊசி மாதிரி ஒடுக்க முடிகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். மதுரை தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் நகைப்பட்டறைச் சாமான் விற்பவர்களிடம் கேட்டால் சின்னச் சுடர் தரும் டார்ச்சாகப் பார்த்துத் தருவார்கள். வீட்டு சிலிண்டரில் ஹோஸை மாட்டி இழுக்கிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். கேனை மொட்டை மாடி வெயிலிலோ நிறுத்திய காரிலோ வைக்காதீர்கள்.

சுடும் முன் தகடு சுத்தமாக இருக்க வேண்டும். புளி போட்டு விளக்கி, கழுவி, மெல்லிய ஸ்கிரப்பரால் ஒரே திசையில் தேய்த்து, கடைசியாக ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். பிறகு வெறுங்கை படவே கூடாது. பட்டால் நிறம் ஏறும்போது அந்த விரல் ரேகை அச்சடித்த மாதிரி வந்து நிற்கும். பருத்திக் கையுறை போட்டு ஓரத்தைப் பிடியுங்கள்.

இப்போது சுடர். ஒரு துண்டை எடுத்து, சுடரை ஓர் இடத்தில் காட்டி உடனே விலக்குங்கள். நிறம் சுடர் படும்போது தெரியாது, விலகிய மறுகணம்தான் பூக்கும். முதலில் பழுத்த ஆரஞ்சு, பிறகு சிவப்பு, மெஜந்தா, ஊதா, நீலம். அதையும் தாண்டினால் வெள்ளி மாதிரி ஒரு வெளிறல், அதற்குப் பின் பொன்மஞ்சள். இன்னும் சுட்டால் கருத்து, பொருக்காக உதிரும். சூடு பட்ட புள்ளியைச் சுற்றி இந்த நிறங்கள் வளையம் வளையமாக விரிவதைப் பார்க்கலாம். நடுவில் நீலம் என்றால் ஓரத்தில் ஆரஞ்சு. தகட்டில் மிச்சமிருக்கும் சூடு சுடரை எடுத்த பிறகும் நிறத்தைத் தள்ளிக்கொண்டே போகும். ஊதா வேண்டுமென்றால் சிவப்பிலேயே நிறுத்திவிட வேண்டும். கை பழக இந்த ஒன்றுக்குத்தான் நேரமாகும். மனதுக்குப் பிடித்த இடத்தில் நிறுத்தத் தண்ணீரில் முக்குவார்கள். நம் ஊர் போர் தண்ணீரில் முக்கினால் உப்புத் திட்டு வெள்ளையாகப் படியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் ஒரு கேன் வாங்கிக்கொள்ளுங்கள்.

தவறிப்போனால் கவலை வேண்டாம். தேய்த்துவிட்டு மறுபடி சுடலாம். சாயம் போட்ட பொருளில் இந்த வசதி கிடையாது.

சரி, வார்னிஷ். இந்த நிறம் பெயிண்ட் இல்லை. சூட்டில் செம்பின் மேல் உருவான ஆக்சைடு படலம், தலைமுடி கனத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான் இருக்கும். மழை நாளில் ரோட்டில் சிந்திய பெட்ரோல் வானவில்லாகத் தெரிகிறதே, அதே சங்கதிதான். படலத்தின் மேல்பக்கமும் அடிப்பக்கமும் எதிரொளிக்கும் ஒளி ஒன்றோடொன்று கலந்து நிறமாகத் தெரிகிறது. அந்தப் படலத்தின் மேல் காற்றுக்குப் பதிலாக லாக்கர், அதாவது வார்னிஷ் மாதிரியான நிறமில்லாத மேல்பூச்சு, வந்து உட்கார்ந்தால் ஒளியின் கணக்கு மாறும். பளிச்சென்ற நீலம் ஒரு படி மங்கும், சில இடங்களில் வேறு சாயலுக்கே போகும். "அடித்ததும் கலர் செத்துப்போச்சு" என்று பலர் அலுத்துக்கொள்வதற்கு இதுதான் காரணம், லாக்கரின் தரம் எப்போதும் காரணமல்ல. செலவில்லாமல் முன்கூட்டியே பார்க்க ஒரு வழி உண்டு. நிறம் ஏற்றிய துண்டு ஆறியதும் அதன் மேல் ஒரு சொட்டு டிஸ்டில்ட் வாட்டர் விடுங்கள். சொட்டின் அடியில் தெரிகிற நிறம், லாக்கர் அடித்தபின் வரப்போகிற நிறத்துக்குக் கிட்டத்தட்ட அருகில் இருக்கும். அது பிடிக்கவில்லையென்றால் லாக்கர் பக்கமே போகாதீர்கள்.

பிடித்திருந்தால், ஹாலுக்குள் மாட்டுவதற்கு அக்ரிலிக் கிளியர் ஸ்ப்ரே என் தேர்வு. தகடு முழுதாக ஆறி, ஈரம் இல்லாமல் காய்ந்த பிறகு மெல்லிசாக மூன்று தடவை அடியுங்கள், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. ஒரே தடவையில் கெட்டியாக அடித்தால் வழியும். டார்ச் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஸ்ப்ரேயைத் திறக்கவே வேண்டாம். மர வேலைக்கு அடிக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரைக் கடைக்காரர் நீட்டினால் மறுத்துவிடுங்கள், நாளாக நாளாக மஞ்சளிக்கும். கார் பெயிண்டிங் ஷெட்டில் ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே கிளியர் நன்றாக உழைக்கும், ஆனால் அந்த ஹார்டனரில் நுரையீரலைப் பாதிக்கும் ஐசோசயனேட் இருக்கிறது. தக்க முகமூடி இல்லாமல் வீட்டில் அடிக்கும் சமாசாரம் அல்ல. ஷெட்டிலேயே கொடுத்து அடித்து வாங்குங்கள். செம்புக்கென்றே 1960களில் உருவான இன்க்ராலாக் என்றொரு லாக்கர் உண்டு. செம்பு கருக்காமல் தடுக்கும் பென்சோட்ரையசோல் அதில் கலந்திருக்கிறது. வெளிச்சுவர் வேலைக்கு அதைத் தேடலாம், உள்ளறைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

நிறம் மங்கக் கூடாது என்றால் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு. அருங்காட்சியகங்களில் உலோகப் பொருள்களுக்குப் பூசுவது. மிக மெல்லிசாகத் தேய்த்துவிட்டால் நிறத்தை அதிகம் கெடுக்காது. ஆனால் லாக்கர் அளவுக்குக் காப்பும் தராது, அவ்வப்போது மறுபடி பூச வேண்டும். தேங்காய் எண்ணெய் தேய்த்தால் போதும் என்று யாராவது சொல்வார்கள். எண்ணெயில் உள்ள அமிலம் செம்போடு சேர்ந்து நாளடைவில் பச்சை பூக்கும். தேன்மெழுகிலும் அமிலம் உண்டு, அதிலும் சித்திரை வெயில் ஏறும் மேற்குச் சுவரில் அது பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும்.

கேள்வி: சென்ற ஆண்டு தமுக்கம் மைதானத்தில் நடந்த கைவினைக் கண்காட்சியில் மயில் வடிவச் செம்புத் தகடு 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். "நெருப்பில் ஏற்றிய நிறம், ஆயுசுக்கும் போகாது" என்றார்கள். பொங்கலுக்குப் புளியும் உப்பும் போட்டு விளக்கினேன். தோகையின் நீலம் பாதி போய்விட்டது. விற்றவர் வெளியூர்க்காரர், போனை எடுப்பதில்லை. பில் கொடுக்கவில்லை, ஜிபேயில் கட்டினேன். பணம் திரும்பக் கிடைக்குமா? – வாசகர், மேலூர்

விளக்கியது நீங்கள்தான், அதை மறைக்க வேண்டாம். புளியின் அமிலம் ஆக்சைடைக் கரைக்கும், அதற்காகத்தானே குடத்துக்குப் போடுகிறோம். ஆனால் மேலே சரியான லாக்கர் இருந்திருந்தால் ஒரு தடவை விளக்கியதற்குப் புளி உள்ளே போயிருக்காது. பூச்சே போடாமலோ பெயருக்குப் போட்டோ ஆயுசு உத்தரவாதம் சொன்னதும், விளக்கக் கூடாது என்று சொல்லாமல் விட்டதும் அவர் பக்கத்துக் குறை.

முதலில் அது நெருப்பு நிறம்தானா என்று பாருங்கள். அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டு, நிறம் மிச்சமிருக்கும் ஓரத்தில் மெல்லத் துடையுங்கள். பஞ்சில் நீலம் ஏறினால் அது சாயம். பஞ்சு வெள்ளையாகவே இருந்து, தகட்டில் நிறமும் நின்றால் சொன்னபடி நெருப்பில் ஏற்றியதுதான். சாயம் என்றால் உங்கள் வழக்கு பலமடங்கு வலுக்கிறது. அந்தப் பஞ்சோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள்.

பில் தராததே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக முறை. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு குறிப்பிட்டிருந்தால் அதுவரை, இல்லாவிட்டால் 30 நாள் வரை. உங்களுக்கு அந்த 30 நாள் தாண்டிவிட்டது, அதனால் பொய்யான வாக்குறுதி என்ற முனையைத்தான் பிடிக்க வேண்டும். ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் உரையாடலும் சாட்சி. "ஆயுசுக்கும்" என்று எழுத்தில் எங்காவது சொல்லியிருக்கிறாரா என்று தேடுங்கள், வாய்ச்சொல்லாக மட்டும் இருந்தால் இழுபறிதான்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பல வியாபாரிகள் அந்த அழைப்புக்கே இறங்கி வருவார்கள். நகராவிட்டால் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ், பிறகு மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

என்னைக் கேட்டால், நெருப்பு நிறம்தான் என்று தெரிந்தால் ஆணையம் வரை போக மாட்டேன். ஃபிரேமிலிருந்து கழற்ற முடிந்தால் மயிலை யாராவது பட்டறைக்காரரிடம் கொடுத்து மறுபடி நிறம் ஏற்றி, இந்தத் தடவை லாக்கரும் அடித்து வாங்கலாம். மரப்பலகையில் ஒட்டியது என்றால் அப்படியே சுடச் சொல்லாதீர்கள், பசையும் பலகையும் கருகும்.

அடுத்தமுறை வாங்கும்போது பில்லில் மூன்று விஷயம் எழுதிக் கேளுங்கள்: நிறம் நெருப்பிலா சாயத்திலா, மேல்பூச்சு என்ன, எதைக் கொண்டு துடைக்க வேண்டும். எழுதித் தரத் தயங்குபவரிடம் பேரம் பேசி என்ன பயன்?

கேள்வி: பாட்டி காலத்துச் செம்பு உருளி, உள்ளே ஈயம் பூசியது. வெளிப்பக்கம் மட்டும் டார்ச்சில் நிறம் ஏற்றிக்கொண்டு, சமைக்கவும் பயன்படுத்தலாமா? – வாசகி, உசிலம்பட்டி

வேண்டாம். பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். வெளியே நீலம் வருவதற்குள் உள்ளே ஈயம் இளகித் திரண்டு, அங்கங்கே செம்பு வெளியே வந்துவிடும். அந்த இடத்தில் புளிக்குழம்போ மோரோ பட்டால் செம்பு உணவில் இறங்கும். முதலில் நிறம், பிறகு ஈயம் என்று மாற்றிச் செய்தாலும் ஆகாது. ஈயம் பூசுபவர் முழு உருளியையும் அடுப்பில் சூடேற்றித்தான் பூசுவார், வெளி நிறம் அதிலேயே மாறிப்போகும். போதாததற்கு, வெளியே அடித்த லாக்கர் அடுப்புச் சூட்டில் கருகி நாறும்.

சமையலுக்கு வைத்திருப்பதானால் ஈயத்தை மட்டும் புதுப்பித்துக்கொள்ளுங்கள். வாசலில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிடத்தான் என்றால் ஈயம் போனாலும் பாதகமில்லை, தாராளமாக நிறம் ஏற்றலாம். அதற்கு முன் கைப்பிடி எப்படிப் பொருத்தியிருக்கிறது என்று பாருங்கள். ஆணி அடித்தது என்றால் சரி, ஈயப் பற்று வைத்தது என்றால் அந்தப் பக்கம் சுடரைக் கொண்டுபோகாதீர்கள்.