கையில் 12 பெட்டி, வரிசையில் 57 பேர்: ஆபரேஷன்ஸ் கேள்வி–பதில்

மேலாண்மைக் கல்லூரிகளில் ஆபரேஷன்ஸ் (உற்பத்தி, சேவை வேலைகளின் நிர்வாகம்), தொழில்நுட்பப் படிப்புகள் பற்றியும் அங்கே நடக்கும் நிகழ்ச்சிகள் பற்றியும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தவற்றைச் சேர்த்து ஒரே கேள்வியாக ஆக்கியிருக்கிறோம்.

மெக்கானிக்கல் முடித்து, 4 ஆண்டுகளாக உதிரிபாகத் தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவில் இருக்கிறேன். வேலையை விட்டு ஆபரேஷன்ஸில் எம்.பி.ஏ. சேரலாமா, கிரீன் பெல்ட் சான்றிதழ் போதுமா?
— ஓசூர் வாசகர்

தொழிற்சாலைக்குள்ளேயே மேலே போக வேண்டும் என்றால் இப்போதைக்கு வேலையை விட வேண்டாம். திட்டமிடல், கன்சல்டிங், இ-காமர்ஸ் கிடங்கு நிர்வாகம் என்று வெளியே தாவ வேண்டும் என்றால் எம்.பி.ஏ. தேவைப்படும்.

கிரீன் பெல்ட் என்பது வேலையில் பிழைகளைக் குறைக்கும் சிக்ஸ் சிக்மா முறையில் ஒரு நிலை. சிக்ஸ் சிக்மா சான்றிதழை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பதுதான் அதிலுள்ள சிக்கல். இரண்டு நாள் வகுப்பு முடிந்ததும் கையில் காகிதம் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்கத் தரக் கழகமான ஏ.எஸ்.க்யூ.வின் கிரீன் பெல்ட் தேர்வு எழுதவே 3 ஆண்டு வேலை அனுபவம் கேட்கிறார்கள். உங்களுக்கு அது இருக்கிறது. உற்பத்தித் திட்டமிடல், சரக்கிருப்பு பக்கம் போவதாக இருந்தால், முன்பு ஏபிக்ஸ் என்ற பெயரில் இருந்த ஏ.எஸ்.சி.எம். அமைப்பு நடத்தும் சி.பி.ஐ.எம். தேர்வு நேரடியாகப் பயன்படும். எதை எழுதினாலும், உங்கள் லைனிலேயே ஒரு ரிஜெக்ஷனையோ (தரமில்லையென ஒதுக்கப்படும் பீஸ்) செட்டப் நேரத்தையோ (இயந்திரத்தை அடுத்த வேலைக்கு மாற்றும் நேரம்) குறைத்து, முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்ற கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நேர்முகத்தேர்வில் சான்றிதழைப் பற்றி ஒரு கேள்வி வந்தால் அந்தக் கணக்கைப் பற்றிப் பத்துக் கேள்வி வரும்.

எம்.பி.ஏ. என்று முடிவு செய்தால் விளம்பரக் கையேட்டில் உள்ள பாடப்பட்டியலைப் பார்த்து ஏமாற வேண்டாம். இரண்டாம் ஆண்டில் ஆபரேஷன்ஸ் எலெக்டிவ் (விருப்பப்பாடம்) 10, 12 என்று அச்சடித்திருப்பார்கள். குறைந்தபட்ச எண்ணிக்கையில் மாணவர்கள் சேர்ந்தால்தான் ஒரு எலெக்டிவ் நடக்கும். பாதிப் பேர் மார்க்கெட்டிங், ஃபைனான்ஸ் பக்கம் போய்விடும் கல்லூரியில் உண்மையில் நடப்பது மூன்றோ நான்கோதான். 'சென்ற ஆண்டு எந்தெந்த எலெக்டிவ் நடந்தது, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர்?' என்று கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் புரிந்துகொள்ளலாம்.

இந்தியாவில் இந்தத் துறைக்கென்றே பெயர் வாங்கியது மும்பையில் 1963-இல் தொடங்கிய நிட்டி. 2023-இல் அது ஐ.ஐ.எம். மும்பை ஆனது. வெளிநாட்டில் பார்த்தால், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1988-இல் ஆரம்பித்த திட்டம் ஒன்று இன்று 'லீடர்ஸ் ஃபார் குளோபல் ஆபரேஷன்ஸ்' என்ற பெயரில் நடக்கிறது. இரண்டு ஆண்டில் எம்.பி.ஏ.வும் பொறியியல் முதுகலையும் சேர்த்துக் கிடைக்கும். நடுவே 6 மாதம் ஒரு நிறுவனத்தில் இருந்து அங்குள்ள பிரச்சினை ஒன்றையே ஆய்வாக எழுத வேண்டும். எல்லோராலும் அங்கே போக முடியாது. ஆனால் உள்ளூரில் எந்தக் கல்லூரியைப் பார்த்தாலும் 'இன்டர்ன்ஷிப் 6 வாரமா, 6 மாதமா? தலைப்பைத் தருவது நிறுவனமா, கல்லூரியா?' என்று கேட்டுவிடுங்கள்.

எங்கள் துறையில் 40 மாணவர்களுக்குப் பியர் கேம் நடத்த நினைக்கிறோம். மென்பொருள் வாங்கப் பணமில்லை. பலகையிலேயே நடத்தலாமா? எங்கே சொதப்பும்?
— பேராசிரியர், கோவை

பியர் கேம் என்பது, தொழிற்சாலையிலிருந்து கடைவரை சரக்கும் ஆர்டரும் எப்படி நகர்கின்றன என்று காட்டும் வகுப்பு ஆட்டம். அதைப் பலகையில் நடத்துவதுதான் நல்லது. 1960-களில் எம்.ஐ.டி.யில் உருவானபோது அது பலகை ஆட்டமாகத்தான் இருந்தது. கணினித் திரையில் எண் மாறுவதைப் பார்ப்பதற்கும், தன் முன்னால் சரக்கு மலையாகக் குவிவதைக் கண்ணால் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. பியர் என்ற பெயர் நிர்வாகத்துக்கு உறுத்தினால் சோடா பெட்டி என்று மாற்றிக்கொள்ளுங்கள். பால் பாக்கெட் வேண்டாம். பால் கெட்டுப்போகுமே என்று எவராவது கேட்டு விவாதத்தை வேறு பக்கம் இழுத்துவிடுவார்.

சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை என்று மேசைக்கு நான்கு இடங்கள். இடத்துக்கு இரண்டு பேர் என்றால் மேசைக்கு 8 பேர், 40 பேருக்கு 5 மேசை. ஒவ்வோர் இடத்திலும் தொடக்க இருப்பு 12 பெட்டி. இரண்டு இடங்களுக்கு நடுவே வழியில் வரும் சரக்குக்கு இரண்டு கட்டம், கட்டத்துக்கு 4 பெட்டி. தொழிற்சாலையின் உற்பத்திக்கும் அதே இரண்டு கட்டம். ஆக ஓர் இடத்துக்கு 20, மேசைக்கு 80 பெட்டியோடு ஆட்டம் தொடங்கும். ஆனால் 80 காய் போதாது. நடுவில் தொழிற்சாலை ஒரே வாரத்தில் 40 பெட்டி செய்யும் நிலையெல்லாம் வரும். மேசைக்கு 400, 500 புளியங்கொட்டை வையுங்கள். பத்துக்கு ஒன்றாகச் சோழி வைத்தால் எண்ணும் நேரம் மிச்சம்.

ஒவ்வொரு வாரமும் ஐந்து படி. வந்த சரக்கை உள்ளே எடுத்து, வழியிலுள்ளதை ஒரு கட்டம் நகர்த்துவது முதல் படி. அடுத்து, வந்த ஆர்டர் சீட்டைப் பார்த்து, பழைய பாக்கியையும் (முன்பு கேட்டும் அனுப்ப முடியாமல் போனது) சேர்த்துச் சரக்கு அனுப்புவது. மூன்றாவது, இருப்பை அல்லது பாக்கியை எழுதுவது. நான்காவது, ஆர்டர் சீட்டுகளை ஒரு கட்டம் நகர்த்துவது; தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்குவதும் இதில்தான். கடைசிப் படியில் புது ஆர்டரை எழுதிக் குப்புறக் கவிழ்த்து வைக்க வேண்டும். நடத்துபவர் ஒவ்வொரு படியையும் சத்தமாகச் சொல்லி, எல்லா மேசையும் முடித்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். ஒரு மேசை முந்தி ஓடினால் அன்றைய ஆட்டம் குழம்பிவிடும்.

இருப்புக்குப் பெட்டிக்கு வாரம் 50 காசு, பாக்கிக்கு 1 ரூபாய் செலவு. மேசையின் மொத்தச் செலவு குறைவாக உள்ள அணிக்கு வெற்றி. ஒருவரோடொருவர் பேசக்கூடாது, ஆர்டர் சீட்டு மட்டும்தான் தொடர்பு.

வாடிக்கையாளர் கேட்பது சில்லறைக் கடைக்காரர் மட்டும் புரட்டிப் பார்க்கும் சீட்டுக்கட்டில் இருக்கும். முதல் 4 வாரம் 4 பெட்டி. ஐந்தாவது வாரத்திலிருந்து கடைசிவரை 8. மாற்றம் அவ்வளவுதான். பழகுவதற்காக முதல் 4 வாரம் எல்லோரையும் 4 பெட்டியே ஆர்டர் போடச் சொல்லி, பிறகு அவர்கள் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள்.

சொதப்பும் இடங்கள் மூன்று. பாக்கிக் கணக்கு பெரும்பாலும் தப்பும்: பழைய பாக்கி, கூட்டு புது ஆர்டர், கழி அனுப்பியது என்று பலகையிலேயே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை காயை எண்ணித் தாளோடு சரிபார்க்கச் சொல்லுங்கள். அடுத்து, ஆட்டம் எப்போது முடியும் என்று தெரிந்தால் கடைசி வாரங்களில் ஆர்டரை நிறுத்திச் செலவைக் குறைத்துக் காட்டுவார்கள்; 50 வாரம் என்று அறிவித்துவிட்டு 36 வாக்கில் நிறுத்துங்கள். மூன்றாவது, முன்பே ஆடியவர் ஒருவராவது இருப்பார். ஆரம்பத்திலேயே கேட்டு, அவரைக் கணக்குச் சரிபார்க்கும் வேலைக்குப் போட்டுவிடுங்கள்.

மொத்தம் 3 மணி நேரம் ஒதுக்குங்கள். அதில் கடைசி ஒரு மணி நேரம் கலந்துரையாடலுக்கு. அதைச் சாப்பாட்டு நேரம் தின்றுவிட்டால் நடத்தியதே வீண். எண்களைக் காட்டுமுன் தொழிற்சாலையில் உட்கார்ந்தவர்களிடம் வெள்ளைத்தாள் கொடுத்து, வாடிக்கையாளர் வாராவாரம் எவ்வளவு கேட்டிருப்பார் என்று படம் போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் அலைமாதிரி ஏறி இறங்கும் கோடுதான் வரும். அதன் பக்கத்தில் 4-லிருந்து 8-க்கு ஒரே ஒரு படி ஏறும் கோட்டைப் போட்டுக் காட்டினால், வகுப்பே வாய் பிளக்கும்.

ஏன் இப்படி ஆகிறது? ஆர்டர் போட்டுவிட்டு வழியில் உள்ள சரக்கை மறந்துவிடுகிறார்கள். இந்த வாரம் வரவில்லையே என்று மறுபடி ஆர்டர், அடுத்த வாரமும் வரவில்லை என்று இன்னோர் ஆர்டர். கடைசியில் எல்லாம் சேர்ந்து வந்து இறங்குகிறது. எம்.ஐ.டி.யின் ஜான் ஸ்டெர்மன் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், அணிகளின் சராசரிச் செலவு இருக்க வேண்டிய செலவைப்போல் சுமார் 10 மடங்காக இருந்தது. எனவே உங்கள் மாணவர்களைத் திட்டாதீர்கள். 'எங்கள் விநியோகஸ்தர் முட்டாள்' என்று யாராவது சொன்னால், அவர்களையே இடம் மாற்றி உட்காரவைத்து 10 வாரம் ஆடச் சொல்லுங்கள்.

ஆபரேஷன்ஸ் கிளப் சார்பில் தொழிற்சாலை பார்க்கப் போகிறோம். போன முறை பவர்பாயின்ட்டும் சமோசாவும்தான் மிச்சம். இந்த முறை உருப்படியாக என்ன செய்யலாம்?
— மாணவர், திருச்சி

முதலில் தேதி. ஷிப்ட் மாறும் நேரத்திலும் சாப்பாட்டு இடைவேளையிலும் போய் நிற்காதீர்கள். மாதக் கடைசி வாரமும் வேண்டாம், டெஸ்பாட்ச் நெருக்கடியில் யாரும் நின்று பதில் சொல்ல மாட்டார்கள். ஒன்றரை மாதத்துக்கு முன்பே கடிதம் கொடுங்கள். அறிமுக உரையைச் சுற்றிப் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளலாமா என்று அதிலேயே கேட்டுவிடுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே கேள்விகளின் தரம் மாறிவிடும். 8 பேருக்கு மேல் ஒரு குழுவில் போனால் பின்னால் நிற்பவருக்கு ஒன்றும் காதில் விழாது. ஷூ கட்டாயம், செருப்போடு வந்தவரை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். போனை அனுமதிக்க மாட்டார்கள் என்பதால் சாதாரண ஸ்டாப்வாட்சும் தாளும் எடுத்துப் போங்கள், அதற்கும் முன் அனுமதி வாங்கிக்கொண்டு.

உள்ளே மூன்று எண்களைப் பிடித்தால் போதும். முதலாவது டாக்ட் நேரம், அதாவது தேவையை ஈடுகட்ட எவ்வளவு நேரத்துக்கு ஒரு பீஸ் வர வேண்டும் என்பது: இடைவேளை போக ஷிப்டில் 430 நிமிடம், தேவை 860 பீஸ் என்றால், 30 விநாடிக்கு ஒன்று வெளிவர வேண்டும். இரண்டாவது, எந்த இயந்திரத்தின் சைக்கிள் நேரம் (ஒரு பீஸை முடிக்க ஆகும் நேரம்) அந்த 30 விநாடியை ஒட்டி நிற்கிறது என்பது. ஸ்டாப்வாட்சில் தொடர்ந்து 10 சுற்று எடுங்கள். ஒரே சுற்றை வைத்துப் பேசினால் சூப்பர்வைசர் சிரிப்பார். மூன்றாவது, இயந்திரங்களுக்கு நடுவே டிரேயில் காத்திருக்கும் பீஸ்.

மூன்றாவதில்தான் விஷயமே இருக்கிறது. ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதிப்படி, உள்ளே இருக்கும் எண்ணிக்கையை மணிக்கு வெளிவருவதால் வகுத்தால் ஒரு பீஸ் உள்ளே இருக்கும் சராசரி நேரம் வந்துவிடும். லைனில் 480 பீஸ் கிடக்கிறது, மணிக்கு 120 வெளிவருகிறது என்றால் 4 மணி நேரம். அதே பீஸில் இயந்திரங்கள் வேலை செய்யும் நேரத்தைக் கூட்டினால் 6 நிமிடம் இருக்கலாம். மீதி நேரமெல்லாம் எங்கே போகிறது என்று அங்கேயே நின்று கேளுங்கள். பேட்ச் அளவு, செட்டப், தரச் சோதனைக்குக் காத்திருப்பு என்று நேர்மையான பதில் கிடைக்கும்.

அரவிந்த் கண் மருத்துவமனையை ஏன் ஆபரேஷன்ஸ் வகுப்பில் பாடமாக வைக்கிறார்கள்? அது சேவை நிறுவனம்தானே?
— மதுரை வாசகி

சேவை என்பதால் கணக்கு வேண்டாம் என்று ஆகிவிடாது. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கியது. ஹார்வர்டில் 1993-இலேயே அதைப் பற்றிப் பாடக் கையேடு எழுதிவிட்டார்கள். மாணவர்களுக்குக் காட்டப்படுவது அறுவை அரங்கின் அமைப்பு. மருத்துவர் ஒருவர், அருகருகே இரண்டு மேசை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றொன்றில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். முடிந்ததும் மருத்துவர் மைக்ராஸ்கோப்பைத் திருப்பிக்கொண்டு அடுத்தவரைத் தொடங்குவார். தயார் செய்வது, பரிசோதிப்பது எல்லாம் இரண்டு ஆண்டு பயிற்சி பெற்ற பெண் ஊழியர்களின் வேலை. அவர்களில் நிறையப் பேர் கிராமங்களிலிருந்து வந்தவர்கள்.

உதாரண எண் போட்டுப் பாருங்கள். அறுவைக்கு 10 நிமிடம், தயார் செய்ய 15 நிமிடம். ஒரே மேசை என்றால் 25 நிமிடத்துக்கு ஒருவர், மணிக்கு 2.4. இரண்டு மேசை என்றால் பன்னிரண்டரை நிமிடத்துக்கு ஒருவர், மணிக்கு 4.8. இன்னொரு மருத்துவரைச் சேர்க்காமலே இரு மடங்கு. இதற்குமேல் கூட்ட வேண்டுமானால் மருத்துவரை அவசரப்படுத்திப் பயனில்லை. அவரே ஒவ்வொரு முறையும் இரண்டரை நிமிடம் காத்திருக்கிறார். தயாரிப்பை 10 நிமிடமாகக் குறைத்தால் மணிக்கு 6. அதற்குப் பிறகுதான் மருத்துவரின் நேரம் எல்லையாகும். கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸின் விலை அடுத்த தடையானபோது 1992-இல் ஆரோலாப் தொடங்கி அதையும் தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள்.

எங்கள் ஆபரேஷன்ஸ் விழாவில் பதிவுக் கவுன்டரிலேயே பெரிய வரிசை. கேலிக்கு ஆளாகிவிட்டோம். ஆள் போதவில்லையா?
— மாணவி, சென்னை

கேலி நியாயம்தான். ஒரு கவுன்டரில் மணிக்கு 60 பேரைப் பதிவு செய்ய முடியும் என்று வையுங்கள். வருவது மணிக்கு 50 பேர் என்றால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். வருவது 57 ஆனால்? வெறும் 7 பேர்தான் கூடுதல், காத்திருப்பு 19 நிமிடம். 'மணிக்கு 60 முடியும், 57 பேர்தானே வருகிறார்கள்' என்று திட்டமிடுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். வருகை சீராக இராது, ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரமும் ஒன்றல்ல. அதனால் காலியாகக் கழிந்த நிமிடத்தைப் பிறகு மீட்க முடியாது.

இன்னொரு கவுன்டர் போட்டு, இரண்டுக்கும் சேர்த்து ஒரே வரிசை நிறுத்தினால் அதே 57 பேருக்குக் காத்திருப்பு அரை நிமிடத்துக்கும் குறைவு. தனித்தனி வரிசை வேண்டாம். ஒன்றில் பணம் கட்டாதவர் மாட்டினால் பின்னால் நிற்பவர்கள் எல்லோரும் மாட்டுவார்கள். பணம் பாக்கி, பெயர் பட்டியலில் இல்லை போன்ற தகராறுகளுக்குத் தனி மேசை போடுங்கள். கல்லூரிப் பேருந்துகள் ஒன்பது மணிக்கு ஒரேயடியாக வந்து இறங்கும் என்றால் இந்தக் கணக்குகூடக் கைகொடுக்காது. பேட்ஜ்களைக் கல்லூரிவாரியாகக் கட்டி வைத்து, பேருந்தின் வாசலிலேயே அணித்தலைவரிடம் கொடுத்துவிடுங்கள்.

எஸ்.ஏ.பி., பைத்தான், எக்செல்: ஆபரேஷன்ஸ் மாணவர் எதை முதலில் படிக்க வேண்டும்?
— திருப்பூர் வாசகர்

எக்செல். தரவைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிளும், சிறந்த தீர்வைக் கண்டுபிடிக்கும் சால்வரும் தடுமாறாமல் வர வேண்டும். எக்செல்லோடு வரும் சால்வரில் முடிவு மாறிகள் (நாம் தீர்மானிக்க வேண்டிய எண்கள்) 200 வரைதான் போடலாம். 15 கிடங்கு, 20 கடை என்று பிரித்தாலே 300 ஆகி நின்றுவிடும். அப்படி நிற்கும்போது பைத்தானுக்குப் போங்கள், தேவையோடு படித்தால் மனதில் நிற்கும். அதற்கு இணையாக, தரவுத்தளத்திலிருந்து டேட்டாவை எடுக்கும் மொழியான எஸ்.க்யூ.எல். கொஞ்சம் பழகுங்கள், நிறுவனத்தில் டேட்டா தரவுத்தளத்தில்தான் கிடக்கும். நிறுவனத்தின் கொள்முதல், உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் இணைக்கும் மென்பொருளான எஸ்.ஏ.பி.யைச் சொந்தக் காசு போட்டுப் படிக்க வேண்டாம். எம்.எம். (பொருள் நிர்வாகம்), பி.பி. (உற்பத்தித் திட்டமிடல்) ஆகிய இரண்டு மாட்யூல்களும் எதற்கு என்று தெரிந்திருந்தால் போதும். திரையை வேலையில் சேர்ந்த பிறகு அவர்களே கற்றுக்கொடுப்பார்கள்.