காப்பகத்தில் குழு அமைத்ததற்கு வெளியேற்றம்: யார்மீது வழக்கு?

கேள்வி: நான் சமூகப்பணி படித்தவள். மாநகராட்சிக் கட்டடத்தில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் வீடற்ற பெண்கள் காப்பகத்துக்கு ஆறு மாதமாகப் போய்வந்தேன். 40 பேருக்கு ஒரே குளியலறை. சாப்பாடு வாயில் வைக்க முடியாது. மேற்பார்வையாளர் எல்லாரையும் ஒருமையில் பேசுகிறார். ஞாயிறுதோறும் கூடிப் பேசி ஒரு குழு அமைத்தோம். உடனே என்னை வாசலிலேயே நிறுத்தி அவமானப்படுத்தினார்கள். முன்நின்று பேசிய இரண்டு பெண்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். நிறுவனத்தின் மேல் வழக்குப் போட வேண்டும். அடுத்த வாரம் எல்லாரும் மாநகராட்சி அலுவலக வாசலில் உட்காரப் போகிறோம். எப்படித் தொடங்குவது?

பதில்: உங்கள் கடிதத்தில் நீதிமன்றம் காது கொடுக்கக்கூடிய வரி ஒன்றுதான்: இரண்டு பேர் வெளியே அனுப்பப்பட்டார்கள். உங்களை நிறுத்தியதில் வழக்கே இல்லை. காப்பகத்துக்குள் வெளியாள் நுழைவதற்கு எந்த உரிமையும் கிடையாது. கூடிப் பேசவும் சங்கம் அமைக்கவும் அரசியலமைப்பின் 19(1) தரும் உரிமை அங்கே தங்கியிருக்கும் பெண்களுடையது. நீங்கள் வராத ஞாயிறும் கூட்டம் நடக்கிறதா என்று பாருங்கள். ஒருமைப் பேச்சை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

வழக்கு என்று வந்தால் எதிர்மனுதாரர் தொண்டு நிறுவனம் அல்ல, மாநகராட்சி. வீடற்றோர் காப்பகங்கள் பற்றி உச்ச நீதிமன்றம் 2010இல் இட்ட உத்தரவுகளும் சரி, 2024 வரை நடந்த மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் காப்பக நெறிமுறைகளும் சரி, பொறுப்பை அரசின் மீதும் உள்ளாட்சியின் மீதும்தான் வைக்கின்றன. ஆளுக்கு 50 சதுர அடி என்ற கணக்கு அந்த நெறிமுறைகளில் இருக்கிறது. தங்கியிருப்போர் சங்கமே காப்பகத்தை நிர்வகிக்கவும் அவற்றில் இடம் உண்டு. உங்கள் குழுவுக்கு அதைவிட நல்ல பிடி வேறில்லை. நிறுவனத்துக்கும் மாநகராட்சிக்கும் உள்ள ஒப்பந்த நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் வரவேண்டிய முகவரியாகக் காப்பகத்தைப் போடாதீர்கள். கடிதம் மேற்பார்வையாளர் கையில்தான் போய்ச் சேரும்.

இனி நான் பயப்படும் இடத்துக்கு வருகிறேன். அந்த உட்காரும் போராட்டம்.

சென்னை என்றால் 1888ஆம் ஆண்டு மாநகரக் காவல் சட்டத்தின் 41ஆவது பிரிவில் ஐந்து நாள் முன்பே அனுமதி கேட்க வேண்டும். கேட்காமல் உட்கார்ந்தால் எல்லாரையும் வண்டியில் ஏற்றுவார்கள். பெரும்பாலும் மாலையில் விட்டுவிடுவார்கள். ஆனால் தள்ளுமுள்ளில் ஒரு அதிகாரியின் கை தட்டிவிடப்பட்டது என்று எழுதினாலே, அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்கியதற்கான பிரிவு, பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 132 பாயும். அது ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம்; நீதிமன்றம் மனம் வைத்தால்தான் ஜாமீன். உங்களுக்கு அப்பா வந்து கையெழுத்துப் போடுவார். அந்தப் பெண்களுக்கு முகவரியும் இல்லை, ஜாமீன்தாரரும் இல்லை. ஜாமீனில் விடக்கூடிய சின்னக் குற்றத்திலேயே, கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியாமல் போன பிறகுதான் ‘ஏழை’ என்று அனுமானித்து, ஜாமீன்தாரர் இல்லாமல் சொந்தப் பிணையில் விடச் சட்டம் சொல்கிறது. முன்னாலும் விடலாம்தான். அதைக் கேட்க அங்கே ஒரு வக்கீல் நிற்க வேண்டுமே. வெளியே வரும்போது படுக்கை இன்னொருவருக்குப் போயிருக்கும்.

அடுத்தது கைரேகை. இந்த வகை வழக்குகள் பெரும்பாலும் இங்கேதான் சாகின்றன. வெளியேற்றும்போது எழுத்தில் உத்தரவு தரமாட்டார்கள். வெற்றுத் தாளிலோ பதிவேட்டிலோ கையெழுத்தோ கைரேகையோ வாங்குவார்கள். ரிட் மனு (அரசு அமைப்பின் செயலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் மனு) விசாரணைக்கு வரும் நாளில் “சொந்த விருப்பத்தில் உறவினர் வீட்டுக்குப் போகிறேன்” என்று அதே தாள் எதிர்மனுவோடு வரும். அந்த இருவரும் எதில் கையெழுத்து வைத்தார்கள் என்று இன்றே கேளுங்கள். வைத்திருந்தால், தேதி, நேரம், யார் கேட்டார், என்ன சொல்லி வாங்கினார் என்று அவர்கள் வாய்மொழியிலேயே எழுதி, மாநகராட்சி ஆணையருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து எழுதினால் வக்கீல் சொல்லிக்கொடுத்தது என்பார்கள். உள்ளே இருக்கும் மற்றவர்களிடமும் சொல்லிவையுங்கள்: படித்துக் காட்டாத தாளில் கைநாட்டு வேண்டாம்.

வீடியோவும் வேண்டாம். பொறுப்புள்ள அதிகாரிக்கு நல்லெண்ணத்தோடு தரும் புகாருக்கு அவதூறுச் சட்டத்தில் விலக்கு உண்டு. வாட்ஸ்அப்பில் “சாப்பாட்டுக் காசைத் திருடுகிறார்கள்” என்று போடுவதற்கு அந்தக் கவசம் கிடைக்காது. உள்ளே எடுத்த படத்தில் மனநலச் சிகிச்சையில் இருக்கும் ஒரு பெண்ணோ குழந்தையோ பதிந்து அது வெளியே பரவினால் வழக்கு உங்கள்மேலேயே திரும்பலாம். குழுவுக்கென்று உண்டியல் குலுக்குவதும் கூடாது. கணக்கு இல்லாத 500 ரூபாய் போதும், குழுவை உடைக்க.

வழக்குப் போடலாமா என்றால், இப்போது வேண்டாம், மாநகராட்சியோடு சமரசம் பேசுங்கள். மேற்பார்வையாளரை மாற்று என்ற கோரிக்கை இருந்தால் கைவிடுங்கள். அதற்குப் பதிலாக மூன்று கேளுங்கள்: இருவருக்கும் உடனே படுக்கை, மாதம் ஒருமுறை மாநகராட்சி அலுவலர் முன்னிலையில் கூட்டம், கூட்டக் குறிப்பில் அலுவலரின் கையெழுத்து. இரண்டாவது குளியலறை அந்தக் குறிப்பின் வழியாகத்தான் வரும். பேசப் போவது தங்கியிருக்கும் பெண்கள் மூன்று பேர். நீங்கள் வெளியே நில்லுங்கள்.

பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் அந்த இருவரின் பெயரில் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். பெண்கள் என்பதால் வருமானம் பாராமல் உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். அதுவரை இருவரும் எங்கே இரவு தங்குகிறார்கள் என்று தேதிவாரியாகக் குறித்து வையுங்கள். இடைக்கால உத்தரவு கேட்கும்போது நீதிபதி முதலில் கேட்பது அதைத்தான்.