அப்பா பெயரில் ஆர்.சி., மகன் கையில் மாடிஃபிகேஷன்

கேள்வி: அப்பா 2017-ல் வாங்கிய மாருதி சியாஸ் பெட்ரோல் காரை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. வண்டிக்கு இழுவை கூடட்டும் என்று ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் (புகை தடையில்லாமல் வெளியேறும் வகை) மாட்டினேன். அவிநாசி சாலையில் போலீஸ் நிறுத்தி சலான் போட்டுவிட்டார்கள். அடுத்து ஈசியூ ரீமேப் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மென்பொருளை மாற்றுவது), 17 அங்குல அலாய் வீல், வண்டியின் உயரத்தைக் குறைக்கும் லோயரிங் ஸ்பிரிங் எல்லாம் போடலாம் என்கிறார் மெக்கானிக். எதைத் தொட்டாலும் குற்றம் என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி? இன்சூரன்ஸ் என்ன ஆகும்?
– வாசகர், திருப்பூர்

பதில்: இரண்டு பேரும் பாதி சரி. முதலில் அந்தச் சலானை எடுத்து, எந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) என்றால் அது சத்தம், புகை தொடர்பானது. மூன்று மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது சட்டம். அதோடு மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பும் உண்டு. ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்ட அனுமதித்தவரும் இதில் மாட்டுவார்.

182A(4) என்றால் கதை வேறு. 2019 திருத்தத்தில் வந்த பிரிவு இது. அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இந்தப் பிரிவு பிடிப்பது வண்டியின் உரிமையாளரை. மாட்டியது நீங்கள், பதில் சொல்ல வேண்டியது உங்கள் அப்பா. மெக்கானிக்கிடம் பேசுவதற்கு முன் வீட்டில் பேசிவிடுங்கள்.

சைலன்சர் விஷயத்தில் வாதாட ஒன்றுமில்லை. பழைய சைலன்சரைத் திரும்ப மாட்டி, பில்லையும் போட்டோவையும் வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீ ஃப்ளோ போடும்போது, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரையும் கழற்றினார்களா என்று கேளுங்கள். கழற்றியிருந்தால் அதையும் பொருத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த புகைப் பரிசோதனையிலும் சிக்கல் வரும். பழைய பாகத்தை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு வருவது நம் ஊர்ப் பழக்கம். இனி எதைக் கழற்றினாலும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

இனி பொதுவான சட்டம். பிரிவு 52 சொல்வது இதுதான்: ஆர்.சி.யில் உள்ள விவரம், தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகவே சொல்லிவிட்டது. அதே பிரிவின் விளக்கம், வண்டியின் அடிப்படைத் தன்மையை மாற்றும் கட்டமைப்பு மாற்றத்தையே 'மாற்றம்' என்கிறது. அதனால் சீட் கவர், ஸ்டீரியோவுக்கெல்லாம் பயப்பட வேண்டாம். வேறு இன்ஜின் மாற்றுவது, கேஸ் கிட் போடுவது போன்றவற்றுக்கு ஆர்.டி.ஓ. அனுமதியும் ஆர்.சி.யில் பதிவும் வேண்டும். நிறம் மாற்றினாலும் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.

ரீமேப்பைச் சட்டம் பெயர் சொல்லித் தடுக்கவில்லை. மெக்கானிக்குகள் தைரியமாகப் பேசுவது அதனால்தான். ஆனால் கம்பெனி ஒப்புதல் வாங்கிய புகை அளவு அந்த மென்பொருளோடு சேர்ந்தது. அது மாறினால் 190(2) பக்கத்திலேயே நிற்கிறது. குதிரைத்திறனும் பதிவு விண்ணப்பத்தில் கேட்கப்படும் விவரம். உங்கள் 1373 சிசி இன்ஜினில் டர்போ கிடையாது, ரீமேப்பில் கிடைக்கும் லாபமும் சொற்பம். இதற்காக இவ்வளவு வில்லங்கத்தை இழுத்துக்கொள்ள வேண்டுமா?

டயரில்தான் உங்களுக்கு நல்ல வழி இருக்கிறது. சியாஸின் கீழ் வேரியன்ட்களுக்கு 185/65 R15, மேல் வேரியன்ட்டுக்கு 195/55 R16 என்று கம்பெனியே கொடுத்தது. இரண்டுக்கும் மொத்த விட்டம் ஏறக்குறைய 621 மி.மீ. அதனால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, சக்கரம் எங்கும் உரசாது. உங்களுடையது 15 அங்குலம் என்றால் 16-க்குப் போங்கள்; அந்த மாடலுக்குக் கம்பெனியே தந்த அளவு என்று, சேதத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயரிடம் தைரியமாகச் சொல்லலாம். 17 எந்த வேரியன்ட்டிலும் வந்ததில்லை. நல்ல டயர், நல்ல பிரேக் பேட், புது பிரேக் ஆயில், வீல் அலைன்மென்ட், புது பிளக், கம்பெனி ஏர் ஃபில்டர்: ஆரம்பத்துக்கு இவை போதும். எதற்கும் அனுமதி வேண்டாம், ஓட்டும்போது வித்தியாசமும் தெரியும். லோயரிங் ஸ்பிரிங்கை விட்டுவிடுங்கள். நம் ஊர் வேகத்தடைகளைப் பார்த்தும் அதை விற்கிறார்களே என்பது எனக்குப் புரியாத விஷயம்.

அப்புறம் இன்சூரன்ஸ். கம்பெனியோடு வராத அலாய் வீல், ஸ்டீரியோ போன்றவற்றை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துப் பிரீமியம் கட்டினால்தான் அவற்றுக்குக் காப்பீடு உண்டு. மெயிலில் தெரிவித்து, பாலிசியில் ஏற்றியதற்கான தாளை வாங்குங்கள். ஏஜென்ட் போனில் 'சரி சார்' என்றது கணக்கில் வராது. அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்பில் இன்சூரன்ஸ் கம்பெனி சுலபமாகக் கைகழுவ முடியாது. ஆனால் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலிக்க முயலலாம். அங்கேயும் உங்கள் அப்பாதான்.

சொந்த வண்டியின் சேதத்தில்தான் தகராறு அதிகம். சிக்னலில் நின்ற உங்கள் காரைப் பின்னால் வந்த லாரி இடிக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனி ரீமேப்பைக் காட்டி கிளெய்மை மறுக்கிறது என்று வையுங்கள். விபத்துக்கும் அந்த மாற்றத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எழுத்தில் கேளுங்கள். மறுத்தாலோ ஒரு மாதம் பதில் வராவிட்டாலோ, ஒரு வருடத்துக்குள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிப்பவர்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம் (எங்களுக்குத்தான் நஷ்டம்). இல்லையென்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

வேகம்தான் ஆசை என்றால், கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே உங்களுக்குப் பக்கம். பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டினால் பிரிவு 189 பாயும். டிராக்கில் அந்தக் கவலை இல்லை. ஆனால் பந்தயமும் வேகச் சோதனையும் சாதாரண கார் பாலிசிக்கு வெளியே. அங்கே பம்பர் உடைந்தால் செலவு முழுக்க உங்களுடையது.