பழைய கம்பைண்ட் பிளைனர் வாங்கி மாத்திக்கலாமா? கேள்வி-பதில்

கேள்வி: தென்காசி பக்கம் சின்னதா தச்சுப் பட்டறை வச்சிருக்கேன் சார், 12க்கு 20 அடி ஷெட், நானும் தம்பியும் மட்டும்தான். நிலை, கதவு, ஜன்னல், எப்பவாவது கட்டில். பக்கத்து ஊர்ல ஒரு மரப்பட்டறைய மூடுறாங்க, அங்க 12 இஞ்ச் பிளைனர், வட்ட ரம்பம், ட்ரில் மூணும் ஒரே ஸ்டாண்டுல இருக்கிற பழைய மெஷின் இருக்கு. 35 வருஷம் ஆச்சுன்னு சொல்றாங்க, மோட்டாரோட 48,000 கேக்குறாங்க. கட்டர் பிளாக், அதான் பிளேடு மாட்டிச் சுத்துற கட்டை, சதுரமா இருக்கு. வாங்கி கொஞ்சம் மாத்தி வேலைக்கு வச்சுக்கலாமா, இல்ல கடன் வாங்கியாவது புதுசு எடுக்கணுமா?

பதில்: வாங்கலாம் தம்பி, ஆனா எதுக்கு காசு குடுக்குறோம்னு முதல்ல மனசுல வச்சுக்கங்க. இந்த மாதிரி பழைய மெஷின்ல விலை போறது அந்த காஸ்டிங்குக்குத்தான், அதாவது வார்ப்பு இரும்பு உடம்புக்கு. ரெண்டு நீள டேபிள், அது ஏறி இறங்குற சரிவுப் பாதை, நடுவுல பேரிங் உக்கார்ற இடம், இதெல்லாம் நல்லா இருந்தா மத்த எல்லாத்தையும் மாத்திக்கலாம், பேரிங், பெல்ட், பிளேடு, மோட்டார் எதுவும் பெரிய விஷயமில்ல. காஸ்டிங் போயிருந்தா சும்மா குடுத்தாலும் ஏத்திட்டு வராதீங்க.

பாக்கப் போகும்போது லேத் பட்டறைல கேட்டு ஒரு மீட்டர் நீள ஸ்டீல் ஸ்கேல் நேரா உள்ளது ஒண்ணு, இடைவெளி அளக்குற மெல்லிய தகடுக் கட்டு (ஃபீலர் கேஜ்) ஒண்ணு, சின்ன சுத்தியல், டார்ச் எடுத்துட்டுப் போங்க. ஸ்கேலை டேபிள் மேல நிமிர்த்தி நீளவாக்குலயும் மூலைக்கு மூலையும் வச்சு பின்னாடி டார்ச் அடிச்சா வெளிச்சம் எங்க ஒழுகுதுன்னு தெரியும். 0.1, 0.2 மில்லி பள்ளம்னா மர வேலைக்கு தாராளமா ஓடும், அரை மில்லி தாண்டினா மெஷின் ஷாப்ல கொடுத்து கிரைண்டிங் பண்ண வேண்டி வரும், அந்தச் செலவ கணக்குல சேத்துக்கங்க. அப்புறம் ரெண்டு டேபிளையும் சேத்து ஸ்கேல வைங்க, பழைய மெஷின்ல சரிவுப் பாதை தேஞ்சு டேபிளோட வெளி முனை தொங்கிப் போயிருக்கும், அதனாலதான் நீளமான சட்டம் இழைச்சா நடுவுல குழி விழுது, ஆசாரி கையக் குறை சொல்லுவாங்க ஆனா கோளாறு டேபிள்ல. லேசான தொங்கலுக்கு மெல்லிய பித்தளைத் தகடு (ஷிம்) வச்சு சரி பண்ணிடலாம். சுத்தியலால அங்கங்க மெல்லத் தட்டிப் பாருங்க, மணி மாதிரி கணீர்னு கேட்டா நல்லது, மொத்தையா கேட்டா உள்ள கீறல் இருக்கலாம். முக்கியமா கட்டர் பக்கத்துல இருக்கிற டேபிள் உதடு உடைஞ்சு வெல்டிங் வச்சிருக்கான்னு பாருங்க. கடைசியா பத்து நிமிஷம் ஓட விடுங்க, கரண்ட ஆஃப் பண்ணி கட்டர் முழுசா நின்னதுக்கு அப்புறம் பேரிங் கூட்டுல கைய வைங்க, வைக்க முடியாத சூடுன்னா பேரிங் போச்சு, அது பெரிய செலவில்ல ஆனா பேரம் பேச உதவும்.

இப்ப அந்த சதுர பிளாக். இதுல நான் விட்டுக் கொடுக்கவே மாட்டேன். எங்க பெரியப்பா கைல ரெண்டு விரல் இல்ல, சதுர பிளாக்ல போனது, நான் ஸ்கூல் படிக்கும்போது. சதுரமா இருக்கிறதால நாலு மூலை சுத்துற வட்டத்துக்கும் தட்டையான பக்கத்துக்கும் நடுவுல பெரிய பள்ளம் இருக்கு, டேபிள் உதட்டையும் தள்ளித்தான் வைக்க முடியும், மரம் துள்ளிச்சுன்னா கை நேரா அந்தப் பள்ளத்துக்குள்ள போகும், போனா விரல் நுனி இல்ல, எலும்போட போகும். உருண்டை பிளாக்ல பிளேடு ஒரு மில்லி அளவுதான் வெளிய நீட்டிட்டு இருக்கும், பட்டாலும் காயத்தோட போக வாய்ப்பு அதிகம். பிரிட்டன்ல 1922லயே கையால தள்ளுற பிளைனருக்கு உருண்டை பிளாக்தான் இருக்கணும்னு விதி போட்டுட்டாங்க, நம்ம நாட்டு ஃபேக்டரி விதிகள்லயும் அதே இருக்கு. உங்க ரெண்டு பேர் பட்டறை அந்தச் சட்டத்துக்குள்ள வராம இருக்கலாம், அதுக்காக கை வேற கை ஆயிடாது.

அதனால முதல் செலவு உருண்டை கட்டர் பிளாக். உங்க பழைய ஷாஃப்ட்ல பேரிங் உக்கார்ற இடத்தோட விட்டம், ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல தூரம், புல்லி சாவி அளவு எல்லாம் வெர்னியர் வச்சு அளந்து, கட்டர் பிளாக்கே தொழிலா செய்றவங்ககிட்ட ஆர்டர் கொடுங்க. பக்கத்து லேத்ல ராடு வாங்கி கடைஞ்சு தர்றேன்னு யாராவது சொன்னா வேண்டாம், நிமிஷத்துக்கு 4,500 சுத்து சுத்துற சாமான், பேலன்ஸ் பாக்காத பிளாக் மெஷினையே உதற வச்சு பேரிங்க சீக்கிரம் தின்னுடும், பிளேடு பிடிக்கிற ஆப்பும் (வெட்ஜ்) போல்டும் சரியில்லன்னா பிளேடே பறந்து வரும்.

ஆர்டர் கொடுக்கும்போது இன்னொண்ணு சொல்றேன், இதுதான் நீங்க பண்ணப்போற மாற்றத்துலயே பெருசு. இந்த மெஷின்கள்ல ஒரே ஷாஃப்டோட ஒரு முனைல புல்லி, மறு முனைல ரம்பம், பல மெஷின்கள்ல ரம்பத்தக் கழட்டிட்டு அதே முனைல ட்ரில் சக். அதாவது நீங்க பிளைனர்ல குனிஞ்சு இழைக்கிறப்போ தம்பி நடந்து போற பக்கத்துல ரம்பம் சும்மா சுத்திட்டே இருக்கும், 12க்கு 20 அடில அது எவ்வளவு பக்கம்னு நீங்களே பாத்துக்கங்க. புது பிளாக்க புல்லி பக்கம் மட்டும் ஷாஃப்ட் நீட்டி வாங்குங்க, மறு பக்கம் பேரிங்கோட முடிஞ்சிரட்டும். ரம்பத்துக்கு தனியா ஒரு சின்ன ஷாஃப்ட், அதத் தாங்குற பேரிங் கூடு (பிளம்மர் பிளாக்) ரெண்டு, தனி மோட்டார், தனி ஸ்விட்ச். பழைய ரம்ப டேபிள அதுக்கே வச்சுக்கலாம். இடம் இல்லன்னா அதே ஸ்டாண்டோட முனைல ஆங்கிள் அடிச்சு வைங்க, ஆனா ஓட்டம் தனியா இருக்கணும்.

தனியாக்கினா இன்னொரு லாபம், வேகத்த ரம்பத்துக்கு ஏத்த மாதிரி வைக்கலாம். 12 இஞ்ச் பிளேடு 4,500 சுத்துல ஓடினா பல்லு நுனி வினாடிக்கு 72 மீட்டர் போகும், அது பரவாயில்ல. ஆனா நிறைய பட்டறைல மொத்த மரம் அறுக்கணும்னு அதே ஷாஃப்ட்ல 16 இஞ்ச் மாட்டிடுறாங்க, அப்ப வினாடிக்கு 95 மீட்டர தாண்டும், கார்பைடு பல்லு தெறிக்கிறது இப்படித்தான். ஒவ்வொரு பிளேடு மேலயும் அதிகபட்ச சுத்து எவ்வளவுன்னு போட்டிருக்கும், போடாத பிளேட வாங்காதீங்க. ரம்பத்துக்குப் பின்னாடி ரைவிங் நைஃப், அதான் அறுத்த வாய் மூடிக்காம விலக்கி நிக்கிற தகடு, கண்டிப்பா வைங்க, பிளேட விட கொஞ்சம் தடியா, அறுக்குற வாய விட கொஞ்சம் மெல்லிசா, பல்லுல இருந்து 10 மில்லிக்குள்ள. வேம்பு, வேங்கை மாதிரி உள்ள இழுவிசை இருக்கிற மரம் அறுக்கும்போது கவ்விப் பிடிச்சு திருப்பி எறியாம இருக்கிறதுக்கு இதுதான் காரணம்.

ட்ரில்ல விட்டுடுங்க. பிளைனர் வேகத்துல சாதாரண பிட்டு மரத்தக் கருக்கும், கழுந்துத் துளை போட பழைய மார்ட்டைசர் ஒண்ணு தனியா கிடைக்கும்போது எடுத்துக்கலாம், அதுவரைக்கும் உளி இருக்கவே இருக்கு.

பிளைனருக்கு மேல கட்டர மூடுற பாலம் மாதிரி பாதுகாப்புக் கார்டு, கீழ 4 இஞ்ச் வாய் வச்ச தகரக் கூம்பு அடிச்சு டஸ்ட் கலெக்டருக்கு குழாய். தூசிய சாதாரணமா நினைக்காதீங்க, மரத்தூள் கேன்சர் வரவைக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆய்வுப் பிரிவு 1995லயே உறுதியான பட்டியல்ல சேத்திருக்கு, தேக்குத் தூளு சிலருக்கு தோலுலயும் மூச்சுலயும் ஒத்துக்காது. ஷெட்டுக்குள்ள ரெண்டு பேரும் நாள் பூரா அதுலதான இருக்கப் போறீங்க.

பிளேடு வைக்கிறதுல ஒரு விஷயம்: வெளிய வர்ற பக்கத்து டேபிள் பிளேடோட உச்சிக்கு சமமா இருக்கணும். நேரான மரத்துண்ட அந்த டேபிள்ல வச்சு பிளாக்க கையால சுத்துங்க, பிளேடு மரத்த ரெண்டு மூணு மில்லி முன்னாடி இழுத்துட்டுப் போய் விடணும், ரெண்டு ஓரத்துலயும் ஒரே அளவு. அதிகமா இழுத்தா டேபிள் தாழ்வா இருக்கு, தொடவே இல்லன்னா உசரம்.

விலைக்கு வருவோம். 48,000 மெஷினோட விலை இல்ல. பிளாக், பேரிங், ரம்ப ஷாஃப்ட், ரெண்டாவது மோட்டார், ஸ்டார்ட்டர், கார்டு, வண்டி வாடகை எல்லாத்துக்கும் முதல்ல விலை கேட்டு ஒரு தாள்ல எழுதுங்க, மொத்தம் அதே அளவு புது மெஷின் விலைல மூணுல ரெண்டு பங்க தாண்டினா நான்னா புதுசுக்குப் போவேன், ஏன்னா உங்க வேலை நாளும் இதுல கரையும். தாண்டலன்னா தயங்காம எடுங்க, பழைய காஸ்டிங்கோட கனமே தனி, அதிராது. ஏத்தும்போது டேபிளப் பிடிச்சுத் தூக்க விடாதீங்க, ஸ்டாண்டுக்கு அடில பெல்ட் போட்டு தூக்கச் சொல்லுங்க.

கேள்வி: இதே மாதிரி ஒரு மெஷின் நான் வாங்கிட்டேங்க, 3 எச்.பி. த்ரீ பேஸ் மோட்டார். எங்க ஷெட்ல சிங்கிள் பேஸ்தான். மோட்டார மாத்தணுமா?

பதில்: மாத்தாமலே ஓட்டலாம். சிங்கிள் பேஸ் வாங்கி த்ரீ பேஸ் 230 வோல்ட் கொடுக்கிற வி.எஃப்.டி. டிரைவ் கிடைக்குது. உங்க மோட்டார் 415 வோல்ட்டுக்கு ஸ்டார்ல கட்டினதான்னு முதல்ல பாருங்க (ஸ்டார், டெல்டாங்கிறது உள்ள இருக்கிற மூணு சுருள இணைக்கிற ரெண்டு முறை), அப்படின்னா அத டெல்டாவா மாத்தினா 230க்கு சரியா வரும். டெர்மினல் பெட்டில ஆறு முனை இருந்தா தகட மாத்திப் போட்டாலே போதும், மூணுதான் இருந்தா ரீவைண்டிங் கடைல உள்ள இருக்கிற ஸ்டார் முடிச்சப் பிரிச்சு ஆறு வயரா வெளிய எடுக்கச் சொல்லுங்க. முழு லோடுல 20 ஆம்பியர் பக்கம் இழுக்கும், அதனால மீட்டர்ல இருந்தே 4 ஸ்கொயர் எம்.எம். தனி லைன், தனி எம்.சி.பி., நல்ல எர்த். வீட்டு கனெக்ஷன்ல தொழில் மெஷின ஓட்டாதீங்க, டாரிஃப் மாத்தி எழுதிக் கொடுத்துடுங்க, பின்னாடி அபராதம் போட்டா அதுல புது மோட்டாரே வாங்கிடலாம்.

ரெண்டு விஷயம் மறக்காதீங்க. கரண்ட் போய்ட்டு திரும்ப வரும்போது மெஷின் தானா ஓடவே கூடாது. பழைய பட்டறைல வெறும் இரும்புப் பெட்டி மெயின் ஸ்விட்ச்தான் இருக்கும், அது தள்ளின நிலைலயே நிக்கும், பிளேடு மாத்திட்டு இருக்கும்போது கரண்ட் வந்தா என்ன ஆகும். த்ரீ பேஸ் இருக்கிறவங்க, கரண்ட் போனதும் தானா விட்டுடுற டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் போடுங்க, டிரைவ் போடுறவங்க பச்சை சிவப்பு புஷ் பட்டன் வச்சு, தானா ஸ்டார்ட் ஆகுற செட்டிங்க அணைச்சு வைங்க. அடுத்து, மோட்டார் கனெக்ஷன் கொடுத்ததும் பெல்ட் மாட்டாம சுத்துற திசையப் பாருங்க, தலைகீழா சுத்தினா ரம்ப நட்டு கழண்டுடும்.

கேள்வி: பழைய மெஷின் விக்கிற கடைல ரசீதுல "கேரண்டி கிடையாது"ன்னு எழுதிக் கொடுத்தாங்க. வீட்டுக்கு வந்து பெயிண்ட சுரண்டினா டேபிள்ல வெல்டிங். தொழிலுக்கு வாங்கினதால கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போக முடியாதுன்னு சொல்றாங்க, உண்மையா?

பதில்: அப்படி இல்லைங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல வணிக நோக்கத்துக்கு வாங்கினா நுகர்வோர் இல்லன்னு இருக்கு, ஆனா தன் பிழைப்புக்காக சுயதொழிலா தானே ஓட்ட வாங்கினா அது வணிக நோக்கத்துல வராதுன்னும் அதே சட்டம் சொல்லுது. நீங்களே நின்னு இழைக்கிற ஆளுன்னா நீங்க நுகர்வோர்தான். ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், நீங்க குடியிருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் உள்ள சாமானுக்கு ஃபீஸ் கிடையாது. பழைய சாமான்ல தேய்மானம் இருக்கும், அதுக்கு கேஸ் நிக்காது, ஆனா கீறல மறைச்சு பெயிண்ட் அடிச்சு வித்தது வேற கணக்கு. சுரண்டுன இடத்த தேதியோட போட்டோ எடுங்க, ஒரு மெஷின் ஷாப்ல எழுத்துல வாங்கிக்கங்க, மெஷின மேற்கொண்டு மாத்தாதீங்க. கடைக்காரர்கிட்ட வாங்கினதாலதான் இதெல்லாம், பட்டறைய மூடுற தனி ஆளுகிட்ட வாங்கினா இந்த வழி பெரும்பாலும் இருக்காது, அதனாலதான் வாங்குறதுக்கு முன்னாடியே சுரண்டிப் பாருங்கன்னு சொல்றது.

கேள்வி: நியூ ஜெர்ஸில இருக்கோம். கராஜ் சேல்ல ஷாப்ஸ்மித் மார்க் 5 ஒண்ணு கிடைக்குது, ரம்பம், லேத், ட்ரில் எல்லாம் ஒண்ணுல. கராஜுக்கு வாங்கலாமா? ரெண்டு வருஷத்துல ஊருக்கு வர்றோம், கொண்டு வரலாமா?

பதில்: கராஜுக்கு நல்ல மெஷின். ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் யோசிச்சு 1947ல முதல் மாடல் 10இஆர் வந்தது, மார்க் 5 1950கள்ல, இன்னும் உதிரி பாகம் கிடைக்குது. டயல் திருப்பி 700ல இருந்து 5,200 சுத்து வரைக்கும் வேகம் மாத்தலாம், ஆனா மெஷின் ஓடும்போது மட்டும் திருப்பணும், நின்னிருக்கும்போது திருப்பினா உள்ள உடையும், இத விக்கிறவர்கிட்ட கேட்டுப் பாருங்க, தெரியலன்னா டயல் நல்லா இருக்கான்னு கூடுதலா பாருங்க. பழசுல குவில்ல, அதான் சுத்துற ஷாஃப்ட் உக்கார்ற குழல்ல, ஒரே பேரிங் இருக்கும், ரெண்டு பேரிங் குவிலுக்கு மாத்தினா ரம்பம் ஆட்டம் குறையும். பெரிய கிண்ணம் கடையறதுக்கு 700 சுத்தே அதிகம், அதுக்கு குறைஞ்ச வேகத் துணைக்கருவி போடுவாங்க. ரம்பமா வேலை செய்யும்போது பிளேடு சாயாது, டேபிள்தான் சாயும், அதனால முழு பிளைவுட் தகடு அறுக்க இது ஒத்து வராது, கேபினெட்தான் உங்க வேலைன்னா வேண்டாம்.

ஊருக்குக் கொண்டு வர்றது பத்தி: மோட்டார் 60 ஹெர்ட்ஸ், 115 வோல்ட்டுக்கு செஞ்சது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டத்தான் குறைக்கும், நம்ம ஊர் 50 ஹெர்ட்ஸ மாத்தாது, மோட்டார் ஆறுல ஒரு பங்கு மெதுவா சுத்தி சூடாகும். 2010ல வந்த பவர்ப்ரோ தலைப்பகுதி 220 வோல்ட்லயும் ஓடும், 250 சுத்து வரைக்கும் இறங்கும், அத மாட்டின மெஷினா இருந்தா கொண்டு வாங்க. பழைய தலைதான்னா அங்கயே ஆசை தீர வேலை செஞ்சுட்டு, கிளம்பும்போது இன்னொரு மரவேலைக்காரருக்குக் கொடுத்துட்டு வாங்க.