மகன் ‘ஓ-லைன் கோச்’ ஆகணும்கிறானா? காலேஜுக்குப் பணம் கட்டும் முன் ஒரு பேச்சு

கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம், அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலில் அஃபென்சிவ் லைன் (ஓ-லைன்) கோச் ஆகப்போகிறேன் என்று பன்னிரண்டாம் வகுப்புப் பையன் சொன்னால், டெக்சஸிலோ நியூ ஜெர்சியிலோ இருக்கும் நம்மவர் வீட்டில் முதலில் எழும் கேள்வி, “இதெல்லாம் ஒரு வேலையா?” வேலைதான். எஸ்.இ.சி., பிக் டென் போன்ற பெரிய கான்ஃபரன்ஸ்களில், அதாவது கல்லூரி அணிகளின் கூட்டமைப்புகளில், இந்த ஒரு பதவிக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் வாங்குகிறவர்களும் உண்டு. அந்தத் தொகையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். 22 வயதிலிருந்து 30 வரை இவன் எதைக் கொண்டு வாடகை கட்டுவான் என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டியது.

முதலில் வேலை என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். அஃபென்சிவ் லைன் என்பது பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசை: ஒரு சென்டர், இரண்டு கார்டு, இரண்டு டேக்கிள் என்று ஐந்து பேர். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைக் காப்பதும், பந்தோடு ஓடுகிறவனுக்கு வழி திறப்பதும் இவர்கள் பொறுப்பு. கோச்சின் வேலை சத்தம் போடுவதல்ல, அங்குலக் கணக்கு. கார்டும் டேக்கிளும் சேர்ந்து எதிரே நிற்கும் ஒருவனைத் தள்ளிக்கொண்டு போய், பிறகு அவர்களில் ஒருவன் விலகி, அவனுக்குப் பின்னால் நிற்கும் எதிரணித் தடுப்பாளனான லைன்பேக்கரைப் பிடிக்க வேண்டும். நாலு கையும் முன்னால் நிற்பவன்மேல், நாலு கண்ணும் லைன்பேக்கர்மேல் என்று கோச்சுகள் இதைச் சொல்வார்கள். எங்கே கெடும்? கார்டு அவசரப்பட்டு லைன்பேக்கரை நோக்கி இடுப்பைத் திருப்பிவிடுவான். இருவருக்கும் நடுவே விரிசல் விழும். எதிராளி அதில் புகுந்துவிடுவான். பந்தோடு ஓடும் முயற்சி அங்கேயே செத்தது. எடுத்து வைக்கும் முதல் காலடி ஆறு அங்குலத்துக்கு மேல் நீண்டாலும், தோள் நிமிர்ந்தாலும் இதே கதிதான். இரும்புக் கூரை தாழ வைத்த ‘ஷூட்’ என்னும் கூண்டுக்குள் பையன்களைக் குனிந்தபடியே ஓடவிடுவது அதனால்தான்.

இந்தத் தவறுகளைக் கண்டுபிடிப்பது களத்தில் அல்ல, இருட்டறையில், ஃபிலிமில். ஒரு ஆட்டத்தில் ஓர் அணிக்குச் சுமார் 65, 70 ‘ஸ்னாப்’, அதாவது சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்கும் தடவைகள். ஒவ்வொன்றிலும் ஐந்து பேருக்கும் மதிப்பெண் போட்டால் முந்நூற்றுச் சொச்சம். சனிக்கிழமை ஆட்டம் முடிந்தால் ஞாயிறு மதியத்துக்குள் அத்தனையும் எழுதி முடித்தாக வேண்டும்.

ஆகவே பையனுக்கு ஒரு சோதனை வையுங்கள். அவன் பள்ளி அணியின் ஒரு முழு ஆட்டத்தை, கோல் கோட்டுக்குப் பின்னாலிருந்து எடுத்த எண்ட்-ஸோன் வீடியோவில் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான பள்ளிகளில் ஹட்ல் என்னும் ஆட்ட வீடியோ தளத்தின் கணக்கில் கிடைக்கும். இடது கார்டு ஒருவனை மட்டும் பார்த்து, ஒவ்வொரு ஸ்னாப்புக்கும் சரியான ஆளைப் பிடித்தானா, முறை சரியா, கடைசிவரை விடாமல் நின்றானா என்று மூன்று கட்டத்தில் கூட்டல், கழித்தல் குறி போடட்டும். ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். நாற்பதாவது ஸ்னாப்பில் ஃபோனை எடுத்துவிட்டால் அவனுக்கு ஃபுட்பால் பிடித்திருக்கிறது, இந்த வேலை பிடிக்கவில்லை. இரண்டும் வேறு வேறு.

“எங்கள் பையன் 70 கிலோகூட இல்லையே?” என்ற கவலை பாதிதான் நியாயம். கனத்த உடம்போடு லைனில் ஆடியவர்களுக்கே முன்னுரிமை என்பது உண்மை. ஆனால் அயோவா பல்கலைக்கழகத்தில் 1981 முதல் 1989 வரை லைன் கோச்சாக இருந்து, 1999-ல் அங்கேயே தலைமைக் கோச்சாகத் திரும்பிய கர்க் ஃபெரன்ட்ஸ், கல்லூரியில் ஆடியது லைன்பேக்கராக. ஜார்ஜியாவில் லைன் கோச்சாகப் பேர் வாங்கி, ஆர்கன்சாவுக்குத் தலைமைக் கோச்சான சாம் பிட்மேன் ஆடியதும் தடுப்பு அணியில்தான்.

பாதை இப்படிப் போகும். இளநிலைப் படிப்பின்போதே ஸ்டூடன்ட் அசிஸ்டன்ட். பிறகு கிராஜுவேட் அசிஸ்டன்ட், அதாவது ஜி.ஏ. முதுநிலைப் படிப்புக் கட்டணம் தள்ளுபடியாகும், கையில் சிறு உதவித்தொகை வரும். எதிரணி எப்படி நிற்கும் என்று பயிற்சிக்காக நூற்றுக்கணக்கில் அட்டைகள் வரைவது, ஃபிலிம் வெட்டுவது, ஏர்போர்ட்டில் ஆட்களை ஏற்றி வருவது எல்லாம் இவன் தலையில். சீசனில் வாரத்துக்கு எழுபது மணி நேரம் சர்வ சாதாரணம். அடுத்தது, ஃபிலிமை அலசும் குவாலிட்டி கன்ட்ரோல் அல்லது அனலிஸ்ட் வேலை. முன்பு இவர்கள் களத்தில் வாய் திறக்கக் கூடாது. 2024-ல், கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி வகுக்கும் என்.சி.ஏ.ஏ. அந்தத் தடையை எடுத்துவிட்டதால் இந்தப் படிக்கு இப்போது மதிப்பு கூடியிருக்கிறது. இல்லையென்றால் டிவிஷன் 3 என்னும் கீழ்ப்பிரிவுக் கல்லூரி ஒன்றில் நேராக லைன் கோச்சாகலாம். சம்பளம் சொற்பம். பளுப்பயிற்சி அறையையும் ஆள்சேர்ப்பையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் ஐந்து பேரும் அவன் கைக்குள் இருப்பார்கள். என் கணிப்பில், பெரிய இடத்தில் ஐந்து ஆண்டு அட்டை வரைவதைவிட இது மேல்.

காலேஜ் தேர்வுக்கும் இதே கணக்குத்தான். தரவரிசை பார்த்துப் பெரிய பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டு, அங்கே லைன் அறைக்குள் கால் வைக்கவே முடியாமல் நாலு வருஷம் போவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

வேலை நிரந்தரமா? இல்லை. தலைமைக் கோச்சை நீக்கினால் உதவியாளர்களும் பெரும்பாலும் பெட்டி கட்ட வேண்டியதுதான். புதிதாக வருபவர் தன் லைன் கோச்சைக் கூட்டி வருவார். ஒப்பந்தம் ஓரிரு ஆண்டுக்கு மேல் இருப்பது அரிது. முப்பதுக்குள் வீடு வாங்கச் சொல்லி நச்சரிக்காதீர்கள்.

விசா விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பையன், எச்-1பி ஊழியரின் குடும்பத்துக்குத் தரப்படும் எச்-4 விசாவில் இருந்தால் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது, 21 ஆனதும் அந்த நிலையும் போய்விடும். எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால், பாடம் நடக்கும் காலத்தில் வளாக வேலை வாரத்துக்கு 20 மணி நேரம்தான். ஜி.ஏ. வேலையின் நிஜமான நேரத்தோடு இது நேராக மோதும். படிப்புக்குப் பின் ஓ.பி.டி. என்னும் தற்காலிக வேலை அனுமதியில் வேலை பார்க்க, அந்த வேலை படித்த துறையோடு தொடர்புள்ளதாக இருக்க வேண்டும். கினிசியாலஜி (உடலசைவு அறிவியல்) அல்லது ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் எடுத்தால் அந்தத் தொடர்பைக் காட்டுவது சுலபம். கிரீன் கார்டோ குடியுரிமையோ இல்லாத குடும்பம், விண்ணப்பிக்கும் முன்பே குடியேற்ற வழக்கறிஞரைப் பார்த்துவிடுவது நல்லது.

மாற்று ஏற்பாடாக ஆசிரியர் சான்றிதழை நான் வலியுறுத்துவேன். டெக்சஸ் அரசுப் பள்ளிகளில் கோச் என்பவர் பொதுவாக அந்தப் பள்ளி மாவட்டத்தின் முழுநேர ஊழியராக இருந்தாக வேண்டும். எனவே கணக்கு டீச்சராகவும் லைன் கோச்சாகவும் ஒரே ஆள் இருப்பது அங்கே சகஜம். ஆசிரியர் சம்பளம், கூடவே கோச்சிங் படி. காலேஜ் வேலை போனவர்கள் பலர் ஒதுங்கும் நிழலும் அதுதான்.

சேர்க்கை உறுதியானதும் மே, ஜூனிலேயே அந்தக் கல்லூரியின் லைன் கோச்சுக்குப் பையனே மெயில் எழுதட்டும், அப்பா எழுதக் கூடாது. ஐந்து வரி போதும். மதிப்பெண் போட்ட அந்தத் தாளை இணைக்கட்டும். வேலை கேட்காமல், ஆகஸ்ட் கேம்பில் ஃபிலிம் அறையின் பின்வரிசையில் உட்கார அனுமதி மட்டும் கேட்கட்டும்.